பாய்லருக்குப் பயந்தவன்

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. தீபாவளிக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வெடி கொளுத்தும்போது நான் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் உள்ளே வரும்போது கூட்டம் முன்னால் நகரும், நான் பின்னால் நகர்வேன். இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த வேலை பாய்லருக்குத் தீ போடுவது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அந்த வேலையில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற சாலையில், வயலும் மனைக்கல்லும் மாறி மாறி வந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு சலவைக் கம்பெனி இருந்தது. ஆஸ்பத்திரி, ஓட்டல், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்துத் துணிகளும் மூட்டை மூட்டையாக வேனில் வந்து இறங்கும். துவைக்க வெந்நீர் வேண்டும், தேய்க்க நீராவி வேண்டும். இரண்டையும் கொடுப்பது பாய்லர். ஒரு நீளக் கொட்டகையை நடுவில் செங்கல் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லரும் சவுக்குக் கட்டைகளும். அந்தப் பக்கம் ரோலர் மெஷின். சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து இஸ்திரி போட்டது மாதிரி வரும். அதில் முழுக்கப் பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா.

அக்காவின் சிபாரிசில்தான் அங்கே கட்டை சுமக்கச் சேர்ந்தேன். கட்டை சுமப்பதில் பெரிய பயம் ஒன்றும் இல்லை. அடுக்குக்குள் தேள் இருக்கும், அவ்வளவுதான். பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு திடீரென்று துபாய் விசா வந்தது, போய்விட்டார். முதலாளி வெளியே ஆள் தேடிப் பார்த்தார், சரியாக அமையவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. "பரீட்சை எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாப்பா. உனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது" என்றார். என்னால் முடியாது சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா முந்திக்கொண்டு, "எய்துவான் சார்" என்று சொல்லிவிட்டாள்.

பரீட்சைக்குப் படித்ததுதான் வினையாகப் போயிற்று. அதுவரை பாய்லர் என்றால் எனக்குப் பொதுவான பயம். படித்த பிறகு விவரமான பயம் வந்துவிட்டது.

பாய்லரின் முகத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய் நிற்கும். நாங்கள் அதை கிளாஸ் என்போம். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது அந்தக் குழாயில் ஒரு கோடாகத் தெரியும். கோடு பாதியில் நின்றால் நிம்மதி. தண்ணீர் வற்றிக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கிற இரும்பு காய்ந்து சிவந்துவிடும். சிவந்த இரும்பின் மேல் பம்ப் போட்டுப் பச்சைத் தண்ணீரை விட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஆவியாகப் பொங்கும், பாய்லர் வெடித்துச் சிதறும். கொட்டகையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது. இதையாவது ஒரு மாதிரி ஜீரணித்துக்கொள்ளலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி நின்றாலும் கோடு தெரியாது. ஒரு சொட்டுகூட இல்லாமல் போனாலும் கோடு தெரியாது. இரண்டுக்கும் கண்ணாடி ஒரே மாதிரி பளிச்சென்றுதான் இருக்கும்.

கோடு தெரியவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் படித்ததில் இருந்தது. தண்ணீர் விடாதே, தீயை அணை. வாய்மொழித் தேர்விலும் அதையே கேட்டார்கள். படித்ததை அப்படியே சொன்னேன். பாஸ் போட்டுவிட்டார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், ஃபெயில் ஆகியிருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

தனியாகத் தீ போட்ட முதல் நாட்களை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. காலையில் கட்டை பற்றிக்கொண்டு, பிரஷர் காட்டும் முள் மெல்ல மேலே ஏறத் தொடங்கும்போது, என் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று கூடவே ஏறும். எருமையூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் நண்பகலுக்கு வெடி வைப்பார்கள். தினமும் வைக்கிற வெடிதான், ஆனாலும் தினமும் குனிந்து தலையைக் கையால் மூடிக்கொள்வேன். தலைக்கு மேல் பயிற்சி விமானம் தாழப் பறந்தால் அதற்கு ஒரு குனிவு. ஆயுத பூஜைக்கு முதலாளி பாய்லருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை போட்டார். நாங்கள் வேதக்காரர்கள், அதனால் அவர் போன பிறகு அக்கா வந்து ஒரு மூலையில் சாக்பீஸால் சின்னதாகச் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். இரண்டும் சேர்ந்தே காப்பாற்றட்டும் என்று நான் அழிக்காமல் விட்டேன்.

ரோலர் பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு. அதிலும் கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிற ஒருத்தி இருந்தாள். அக்காவைவிட மூத்தவள், குரல் மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். ரோலரில் துணி கொடுக்கிற முதல் இடம் அவளுடையது. காலையில் என்னைத் தாண்டிப் போகும்போது விடவே மாட்டாள்.

"இன்னா பாய்லரு, இன்னிக்கு வெடிக்குமா நாளிக்கு வெடிக்குமா? கரீட்டா சொல்லு. புதுப் பொடவ கட்டிகினு வரேன்."

"அவன வுடுக்கா, பாவம்" என்பாள் என் அக்கா.

"நான் இன்னா கையப் புச்சி இஸ்தேனா? மூஞ்சப் பாரு, பேய் அடிச்சா மேரி கீது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். பாய்லர் போனால் அந்தச் சுவர் அவர்கள் மேல்தான் போய் விழும். அது அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர்கள் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் கிளாஸை இன்னொரு தரம் பார்ப்பேன்.

வெறுமனே பார்த்தால் போதாது, கிளாஸைச் சோதிக்க வேண்டும். அடைப்பு இருந்தால் அது பொய் சொல்லும். குழாயின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்தால் குழாய்த் தண்ணீர் சர்ரென்று ஆவியோடு கீழே கொட்டிக் குழாய் காலியாகும். மூடினால், உள்ளேயிருந்து தண்ணீர் குபுக்கென்று எழும்பிப் பழைய இடத்துக்கு வந்து, ஆடி, அடங்கி நிற்கும். அப்படி நின்றால் கிளாஸ் உண்மை பேசுகிறது என்று அர்த்தம். காலையில் ஒரு தரம் செய்தால் போதும் என்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். நான் டீ குடிப்பதற்கு முன் ஒரு தரம், குடித்த பின் ஒரு தரம், சாப்பிடப் போகும் முன், வந்த பின், பயம் வந்தால் ஒரு தரம் என்று செய்துகொண்டிருந்தேன். பயம் எப்போது வராமல் இருந்தது? தண்ணீர் வீண், சூடு வீண் என்று முதலாளி முனகுவார். இருந்தும் அந்தத் தண்ணீர் குபுக்கென்று எழும்பி வந்து நிற்கிற கணம் இருக்கிறதே, அந்த ஒரு கணம் எனக்குள் எல்லாம் சரியாகிவிடும். அதற்காகவே திறந்து மூடிய நாட்களும் உண்டு. அதை சந்தோஷம் என்று அப்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்து பல மாதம்வரை சுவருக்கு அந்தப் பக்கம் நான் போனதே கிடையாது. கட்டை சுமந்தபோது அங்கே எனக்கு வேலை இல்லை. பாய்லருக்கு வந்த பிறகு, தீ எரிகிறபோது அதை விட்டு நகரப் பயம். தீ அணைந்த பிறகு மெஷின் ஓடாது, பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு சாயங்காலம் தீ தணிந்து முள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மிச்ச ஆவியில் கடைசித் துணிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கதவைத் திறந்து, "தோ வாடா, ஒரு நிமிசம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோவிலம்பாக்கத்துக்காரி ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உருளையின் வாயில் கொடுத்தாள். அந்தப் பக்கம் அது சலனமே இல்லாமல், வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் இறங்கி வந்தது. அக்கா அதை வாங்கி என் கையில் வைத்தாள். சுடச்சுட இருந்தது, அப்போதுதான் இறக்கிய இட்லித் துணி மாதிரி. ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகிற விரிப்பு.

"இதான் உன் ஸ்டீமு" என்றாள் அக்கா.

கட்டை, சாம்பல், முள், கோடு, பயம் இவை மட்டும்தான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். யாரோ ஒரு நோயாளி நாளைக்கு இதன் மேல் படுத்துக்கொள்வார் என்பது என் புத்திக்கு எட்டியதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை வேகமாக மிதித்தேன் என்று அக்கா சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

அதற்காகப் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்று, ஆண்டவரே, இந்த வேலை எப்படியாவது போகட்டும், என் மேல் தப்பில்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். நானாக விட்டால் அக்காவுக்குத் தலைகுனிவு. தானாகப் போனால் யாரும் கேட்க முடியாது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றைக் காட்டும்படியும் கேட்டிருந்தேன்.

அந்த நாள் வைகாசி முகூர்த்த காலத்தில் வந்தது. மண்டபத்துத் துணி மலைபோல் குவிந்திருந்தது, ஆஸ்பத்திரித் துணி வேறு. பாய்லருக்கு இரண்டு கிளாஸ் உண்டு. ஒன்று போதாது, ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும் என்றுதான் இரண்டு. முந்தைய வாரம் ஒன்றில் விரிசல் விழுந்து அதை அடைத்து வைத்திருந்தோம். "பாரிஸ் கார்னர் கடைல சொல்லியிருக்கேன், வந்துடும்பா" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். ஒற்றைக் கிளாஸை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நண்பகல். குவாரியில் வெடி வெடித்தது. வழக்கம்போலக் குனிந்து தலையை மூடிக்கொண்டேன். நிமிர்ந்து கிளாஸைப் பார்த்தேன். கோடு இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இல்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கிட்டே போய் அடித் திருகைத் திறந்தேன். கைப்பிடி வந்தது, சுற்றிக்கொண்டே வந்தது. உள்ளே திருகு முறிந்துபோய் வெறும் கைப்பிடிதான் சுற்றியது. தண்ணீரும் கொட்டவில்லை, ஆவியும் வரவில்லை. சோதிக்க வேறு வழி இல்லை.

நிரம்பி நிற்கிறதா, வற்றிப் போயிற்றா? டீ நேரத்துக்குப் பம்ப் போட்டேன் என்றது ஒரு மனசு. அது நேற்று என்றது இன்னொரு மனசு. தினமும் ஒரே வேலையைச் செய்கிறவனுக்கு நேற்று எது, இன்று எது? ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்லவில்லை, கால் வாசல் பக்கம் திரும்பியும்விட்டது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

மண்வெட்டியை எடுத்தேன். ஈரச் சாம்பலை வாரி வாரி எரிகிற கட்டைகளின் மேல் போட்டேன். புகைப்போக்கித் தகட்டை இழுத்து மூடினேன். புகை திரும்பி வந்து கண்ணில் அடித்தது. தீ அமுங்கியதும் ஓடிப்போய் நடுக்கதவைத் திறந்து, "எல்லாம் வெளிய போங்க! வெளிய போங்க!" என்று கத்தினேன். குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது.

சிலர் சிரித்துவிட்டார்கள். கோவிலம்பாக்கத்துக்காரி வாயைத் திறந்தாள், ஏதோ கேலி பண்ணத்தான். அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். மெஷின் சுவிட்சை அடித்து அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவளைத் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் ஓடினார்கள்.

மெஷின் சத்தம் நின்றதும் முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பற்கள் அடித்துக்கொண்டதில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"தண்ணி தெரியலைன்னா பம்ப்பைப் போடேம்பா! இதுக்குப் போய் தீயை அணைப்பியா? சாயங்காலம் மண்டபத்துக்கு டெலிவரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பம்ப் சுவிட்சுக்குப் போனார்.

நான் போய் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன். முதலாளியை நேருக்கு நேர் பார்த்துப் பேசினவன்கூட இல்லை நான். "வேணாம் சார். தண்ணி இல்லாம இருந்தா... வேணாம் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நகரு என்றார். நகரவில்லை. கையை ஓங்கினாரா, இல்லை வேர்வையைத் துடைக்கத்தான் தூக்கினாரா, தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் திட்டிக்கொண்டே வெளியே போய்க்கொண்டிருந்தார்.

எல்லோரும் வெளியே நின்றார்கள். நான் மட்டும் உள்ளே, பாய்லருக்குப் பத்தடி தள்ளி. நான் நகர்ந்தால் யாராவது வந்து பம்ப்பைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். நின்றால் வெடித்துவிடும் என்ற பயம். இரும்பு குளிரும்போது டிக் டிக்கென்று சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் உயிர் போய் வந்தது. முள் இறங்கிற்று, இறங்கிக்கொண்டே இருந்தது. முழுக்க இறங்கி அடங்கும்போது மூட்டைகளை ஏற்றிப் போக வந்த வேன் காலியாகவே திரும்பிப் போயிருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தேன். அக்கா வந்துதான் தூக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் குரோம்பேட்டையிலிருந்து ஃபிட்டர் வந்தார். ஆறிப்போயிருந்த பாய்லரின் மேல் மூடியைக் கழற்றினார். முதலாளி, பெண்கள், வேன் டிரைவர் எல்லோரும் சுற்றி நின்றோம். மூடி கழன்றதும் தண்ணீர் வழிந்து அவர் கையெல்லாம் நனைந்தது. கழுத்துவரை, தளும்பத் தளும்ப நிரம்பி நின்றது தண்ணீர்.

"ஃபுல்லா கீது சார்" என்றார் ஃபிட்டர்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் காது சுட்டது. ஆபத்தே இல்லாத பாய்லரை அணைத்து, ஊரையே வெளியே துரத்தி, முகூர்த்த நாள் வேலையைக் கெடுத்திருக்கிறேன். பூமி பிளந்து விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அவர் கத்தவில்லை. என்னைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய் நிதானமாகத்தான் பேசினார். "பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனா அதுக்காக ஃபேக்டரியை நிறுத்த முடியாது. இனிமே என்னைக் கேக்காம தீயை அணைக்கக் கூடாது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. ஃபிட்டர் புது கிளாஸ் மாட்டினதும் போய்ப் பத்த வை."

சரி என்று சொல்லிவிடலாம். நேற்று அவருக்கு நான் வைத்த நஷ்டத்துக்கு அதுதான் மரியாதை. ஆனால் வாய் வரவில்லை. கோடு தெரியாத கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஆபீஸ் அறைக்கு ஓடி, அவர் போனில் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அது நேற்றைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"அது முடியாது சார்" என்றேன்.

"அப்போ வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டிக்கொண்டது. இதோ, வேலை போய்விட்டது, நானாக விடாமலே போய்விட்டது. நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு. நாளைக் காலையில் கட்டை பற்றுவதை நான் பார்க்க மாட்டேன். தண்ணீர் எழும்பி வந்து நிற்பதைப் பார்க்க மாட்டேன். என் ஆவியில் ஒரு விரிப்பும் காயாது. பாய்லருக்குப் பயந்த அத்தனை நாளிலும் நான் இப்படிப் பயந்ததில்லை. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பது, அதை இழந்து நின்ற அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது. வாசலுக்கு வெளியே வேலி ஓரம் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போகக்கூடக் கால் வரவில்லை.

ஃபிட்டரே ஓர் ஆளைச் சொல்லியிருந்தார். நண்பகலுக்குள் அந்த ஆள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நல்ல உடம்பு, காதில் பீடி செருகியிருந்தார். புதுக் கிளாஸும் திருகும் மாட்டியாகிவிட்டது. அவர் விசில் அடித்துக்கொண்டே தீ பற்றவைத்ததும், கட்டையைத் தூக்கிப் போட்ட லாகவமும் வெளியிலிருந்து எனக்குத் தெரிந்தன. என்னைப் போலக் கை நடுங்கவில்லை. எனக்கு வயிறெரிந்தது.

பெண்கள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தீ நின்று எரியத் தொடங்கியதும் புது ஆள் முகம் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தார்.

"இதுக்கா நேத்து அல்லாரையும் வெளிய தொரத்தினான்?" என்று சிரித்தார். "நானும் எத்தினி கம்பெனில ஓட்டிகினு கீறேன். கிளாஸ தொறந்து பாக்கறதுலாம் கெடயாது. கண்ணு கீதுல்ல, பாத்தா தெரியாதா? பயந்துகினே இருந்தா இந்தத் தொழிலு பண்ண முடியுமா?"

அவர் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் மணி அடித்தது. பெண்கள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள். அக்காவும் எழுந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வேலை போனால் அடுப்பு எரியாது, அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே வாசலுக்குப் போனாள்.

கோவிலம்பாக்கத்துக்காரி மட்டும் எழுந்திருக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். முன்னால் துணி கொடுக்கிறவள் இல்லாமல் ரோலர் ஓடாது. மற்றவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். முதலாளி வந்து, "என்னம்மா, மணி அடிச்சாச்சே" என்றார்.

"நான் வர்ல சார்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது." அவள் எழுந்து நின்றாள். எப்போதும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல் அன்றைக்கு மெதுவாக வந்தது. "புச்சா வந்தவரு வேல தெரிஞ்சவரா இருப்பாரு சார். நான் ஒண்ணும் சொல்ல வர்ல. ஆனா அவருக்கு பயம் இல்ல. எங்களுக்கு பயமில்லாத ஆளு வேணாம் சார். அதோ குந்திகினு கீறான் பாரு, அவன் தெனிக்கும் சாவுக்கு பயந்துகினே நிப்பான். நேத்து எங்கள வெளிய அனுப்ட்டு அவன் மட்டும் உள்ள நின்னான். அவன் அந்தாண்ட நிக்கட்டும், நான் இந்தாண்ட வந்து துணி குடுக்கறேன்."

முதலாளி அவளைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். ஒருத்தரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அக்காவும் நின்றுவிட்டாள், அழுதுகொண்டிருந்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ முனகினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுந்து போப்பா, போய்ப் பாரு" என்றார். கேட்டுத்தான் அணைக்க வேண்டும் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, நான் அங்கே இருந்த காலம் முழுக்க எடுக்கவில்லை.

உள்ளே போனேன். வந்தவர் தோளைக் குலுக்கிவிட்டு மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். புதுக் கிளாஸின் அடித் திருகைத் திறந்தேன். தண்ணீர் சர்ரென்று கொட்டியது. மூடினேன். குபுக்கென்று எழும்பி வந்து, ஆடி, பாதியில் நின்றது. இன்னொரு தரம் திறந்து மூடினேன். முள் ஏறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோலர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கிற்று. அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், என்னை நம்பித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கையும் காலும் வெடவெடவென்று ஆடின. என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.